கிரில் கேட்டுக்கு வெளியே நின்றவள்

அந்த நிலைய அலுவலரின் இடது மணிக்கட்டில் என் பல் பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. தீயணைப்பு நிலையத்துக்கு எப்போது போனாலும் சட்டைக் கையை மடித்து அதைக் காட்டிச் சிரிப்பார். "இந்த சர்வீஸ்ல தீயால பட்ட காயம் நாலு, மனுஷப் பல்லால பட்டது இது ஒண்ணுதான்" என்பார். எனக்குச் சிரிப்பு வர ஒரு வருடம் பிடித்தது.

2019 மே மாதம். மதுரை எஸ்.எஸ். காலனி பக்கம் ஒரு சந்தில், கீழ் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கணவர் வேலை விஷயமாக திருநெல்வேலி போயிருந்தார். பள்ளி விடுமுறை. மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நாலு. மணி ஏழே கால் இருக்கும். இட்லி மாவு வாங்கத் தெருமுனைக் கடைக்குக் கிளம்பினேன். மகள் பின்பக்கத்து ரூமில் ஏசி போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்தாள். தம்பி உள்ளே வந்து கலர் பென்சிலை உடைப்பான் என்பதால்தான் அந்தச் சாத்தல். அவன் ஹாலில் டிவி முன்னால். பிள்ளைகள் தெருவுக்கு ஓடிவிடக் கூடாது என்று கிரில் கேட்டை வெளியே பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனேன்.

இந்த வரியை எழுதும்போது இப்போதும் கை நிற்கிறது. நம் ஊரில் எத்தனையோ அம்மாக்கள் இதைத் தினமும் செய்கிறோம். திருடன் வருவான், பிள்ளை பிடிக்கிறவன் வருவான் என்று பயந்து பூட்டுகிறோம். உள்ளேயிருந்து வெளியே வர வேண்டிய தேவை ஒன்று வரும் என்று நினைப்பதே இல்லை.

கடையில் கூட்டம். பத்து நிமிடம் ஆகியிருக்கும். திரும்பி வரும்போது எங்கள் ஹால் ஜன்னல் இடுக்கிலிருந்து புகை வருவதைப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் கொசுவுக்கு வேப்பிலைப் புகை போடுவார்கள், அதுதான் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் மகன் கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுவது தெரிந்தது.

சோபாவுக்குப் பின்னால் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தது. டிவி, செட்டாப் பாக்ஸ், ஏர் கூலர், இரண்டு சார்ஜர் எல்லாம் அதில்தான். அங்கிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும் என்று பின்னால் சொன்னார்கள். எங்கள் சோபா முழுக்க ஃபோம், தவணையில் வாங்கியது.

பூட்டைத் திறந்தேன். எப்படித் திறந்தேன் என்று நினைவில்லை. சாவி இரண்டு தடவை கீழே விழுந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. மகனைத் தூக்கி, பின்னால் ஓடி வந்த ஆட்டோ அண்ணன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

பத்து வருடம் இருந்த வீடு. கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் எடுத்து வருவேன் என்று சொல்கிற வீடு. வாசலிலிருந்து பின் ரூம் கதவுக்குப் பன்னிரண்டு அடி கூட இருக்காது. அந்தப் பன்னிரண்டு அடியை என்னால் தாண்ட முடியவில்லை. புகை என்றால் விறகடுப்புப் புகை மாதிரி, கண் எரியும், இருமல் வரும், சமாளித்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். இது கறுப்பு. டியூப்லைட் எந்தப் பக்கம் என்றே தெரியாத கறுப்பு. ஒரு மூச்சு இழுத்தேன், தொண்டை மூடிக்கொண்டது. இரண்டாவது மூச்சில் முழங்கால் மடங்கியது. கையில் ஏதோ துணி மாட்டியது. ரூம் திரைச்சீலை என்று நினைத்து இழுத்தேன். அது வாசல் பக்கத்துத் திரை. அதாவது நான் உள்ளே போகவே இல்லை, வட்டமாகச் சுற்றியிருக்கிறேன். ஆட்டோ அண்ணன் என் காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார். முன் தலைமுடி கருகியிருந்தது, அது அப்போது தெரியவில்லை.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. நல்ல மனிதர்கள். ஒருவர் தோசைக்கல் அளவு கல்லைத் தூக்கி ஹால் ஜன்னல் கண்ணாடியை உடைத்தார், புகை வெளியே போகட்டும் என்று. புகை போனது. அடுத்த அரை நிமிடத்தில் அந்த ஜன்னல் வழியாக ஆள் உயரத்துக்கு நெருப்பு வந்தது. அதுவரை உள்ளே காற்றில்லாமல் புழுங்கிக்கொண்டிருந்த தீக்கு நாங்களே காற்றைக் கொடுத்துவிட்டோம். அடுப்பை ஊதாங்குழலால் ஊதிப் பழகிய ஊர்தான். அந்த நேரத்தில் யாருக்கும் அது தோன்றவில்லை.

இன்னொன்றும் நடந்தது. இருபது பேர் நின்றோம், யாரும் தீயணைப்பு நிலையத்துக்குப் பேசவில்லை. ஒவ்வொருவரும் வேறு யாரோ பேசிவிட்டதாக நினைத்திருக்கிறோம். மாடி வீட்டில் இருந்த கல்லூரிப் பையன்தான், "யாராவது 101-க்குப் போட்டீங்களா?" என்று கேட்டு, பதில் வராததால் தானே போட்டான்.

வண்டி வந்தது, ஆனால் சந்துக்குள் வர முடியவில்லை. முனையில் இரண்டு கார், ஏழெட்டு பைக். ஓஸைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள். அந்த இடைவெளியில் நான் மறுபடியும் உள்ளே போகப் பார்த்தேன். அப்போதுதான் அந்த நிலைய அலுவலர் குறுக்கே வந்து இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

"எம் பிள்ளைங்க உள்ள இருக்காங்க, விடுங்க!"

"எத்தனை பேர்மா?"

"பிள்ளைங்க... பிள்ளைங்க உள்ள..."

அடித்தேன், கிள்ளினேன், கடித்தேன். அவர் கையை எடுக்கவில்லை. முகத்துக்கு நேராகக் குனிந்து, கத்தாமல், டியூஷனில் நான் மக்குப் பையனிடம் கேட்பது மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார். எத்தனை பேர்? என்ன வயசு? எந்த ரூம்? கதவு சாத்தியிருக்கா, திறந்திருக்கா? அந்த ரூமுக்கு ஜன்னல் எந்தப் பக்கம்? சிலிண்டர் எங்க?

நான் சொன்னது 'பிள்ளைங்க'. மகன் எனக்குப் பின்னால் பத்தடியில், ஆட்டோ அண்ணன் இடுப்பில் உட்கார்ந்திருந்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயில் அப்படித்தான் வந்தது. அந்த அண்ணன் மட்டும் "ஒண்ணுதான் சார் உள்ள, பையன் என்கிட்ட இருக்கான்" என்று சொல்லாமல் இருந்திருந்தால், வெளியே இருக்கிற என் மகனைத் தேடி இரண்டு பேர் அந்தக் கறுப்புக்குள் கடைசி வரை துழாவியிருப்பார்கள். மகளைத் தூக்கிய பிறகும் இன்னொரு பிள்ளைக்காகத் திரும்ப உள்ளே போயிருப்பார்கள். இதை அந்த அலுவலரே பிறகு சொன்னபோதுதான் எனக்கு உடம்பு நடுங்கியது.

"ஒன்பது வயசு. ஒரே பொண்ணு. நேர் பின்னால ரூம். கதவு சாத்தியிருக்கு. ஏசி போட்டிருந்தா. ஜன்னல் பின் சந்துப் பக்கம்." ஒருவழியாகச் சொன்னேன். அவர் திரும்பி இரண்டு பேருக்குக் கையைக் காட்டினார். முதுகில் காற்று சிலிண்டர், முகத்தில் மூடி போட்ட இருவர் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே உள்ளே போனார்கள். இன்னொருவர் பின் சந்துக்கு ஓடினார். என் தோளில் இருந்த கை அப்படியே இருந்தது.

எத்தனை நிமிடம் என்று கேட்டால் எனக்கு ஒரு ராத்திரி. அவர் குறிப்புப்படி, வண்டி வந்ததிலிருந்து மகளை வெளியே கொண்டுவந்தது வரை ஆறு நிமிடம். கட்டிலுக்கு அடியில், சுவரை ஒட்டிச் சுருண்டு கிடந்தாளாம். பாதி மயக்கம். பெரியாஸ்பத்திரியில் மூன்று நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். வந்துவிட்டாள். மறுநாள் வீட்டைப் பார்க்கப் போன என் கணவர் அந்த ரூம் கதவைப் போட்டோ எடுத்து வந்தார். ஹால் பக்கம் முழுக்கக் கரி, பிளைவுட் உரிந்து தொங்குகிறது. உள்பக்கம் அவள் ஒட்டிய பூனை ஸ்டிக்கர் நிறம்கூட மாறவில்லை.

ஆஸ்பத்திரியிலேயே ஆரம்பித்துவிட்டது பேச்சு. பார்க்க வந்த உறவில் ஒருவர், நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டு, "பெத்தவ வாசல்ல நின்னு பாத்துட்டு இருந்தாளாம்ல" என்றார். இன்னொருவர், "கோழிகூட குஞ்சுக்காகப் பருந்தை எதுத்துப் பறக்கும்" என்றார். கணவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள், "நானா இருந்தா உள்ள போயிருப்பேன்" என்றார். குத்திக் காட்டச் சொன்னதில்லை, தன் ஆற்றாமைக்குச் சொன்னது. இருந்தாலும் எனக்கு அந்த வார்த்தை பல மாதம் தொண்டையில் நின்றது.

நம்மிடம் பெற்ற வயிறு என்று ஒரு சொல் இருக்கிறது. அது பற்றி எரிந்தால் கால் தானாக ஓட வேண்டும். ஓடாதவள் அம்மா இல்லை. ஓடிச் செத்தால் தெய்வம். இந்தக் கணக்கை எழுதியவர்கள் யாரும் அந்தப் புகையில் இரண்டு மூச்சு இழுத்திருக்க மாட்டார்கள். கோழியின் கோபத்தைப் பார்த்துப் பருந்து பின்வாங்கலாம். ஃபோம் சோபா பின்வாங்காது.

மகள் தேறிய பிறகு, இனிப்பு வாங்கிக்கொண்டு நிலையத்துக்குப் போனோம். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கேட்டு முடித்துவிட்டு, அடிமனதில் இருந்த கேள்வியையும் கேட்டுவிட்டேன்: "ஏன் சார் என்னை விடல?"

அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. ஒரு மூச்சுக் கருவியைக் கொண்டுவரச் சொல்லி என் கணவர் முதுகில் மாட்டிவிட்டார். பி.ஏ. செட் என்கிறார்கள். நல்ல கனம். 300 பார் அழுத்தத்தில் காற்று அடைத்தது. ஏட்டில் முக்கால் மணி நேரம் என்று இருக்கும், ஓடி ஆடி ஆளைத் தூக்கும்போது அவ்வளவு வராது. காற்று குறைந்தால் ஒரு விசில் அடிக்கும், அது அடித்தால் உள்ளே யார் இருந்தாலும் வெளியே வந்தாக வேண்டும். தனியாகப் போகக் கூடாது, இருவராகத்தான். கண் தெரியாது என்பதால் ஒரு கை சுவரை விடாமல் தடவிக்கொண்டே போவார்கள். திரும்பி வர ஓஸ்தான் வழிகாட்டி. வாசலில் ஒருவர், யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார்கள் என்று குறித்துக்கொண்டிருப்பார்.

"இவ்வளவையும் மாட்டிக்கிட்டு எங்க பசங்களே பயந்துக்கிட்டு போற இடம். நீங்க சேலையோட போறீங்க. நைலக்ஸ் வேற. நீங்க விழுந்தா, பசங்க முதல்ல தடுக்கி விழுறது உங்க மேலதான். அப்ப உங்களைத் தூக்குவானா, தாண்டிப் போய் பாப்பாவைத் தேடுவானா?"

தாண்டிப் போக மாட்டார்கள். கையில் கிடைத்த உயிரை விட்டுவிட்டு நகர முடியாது. என்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்திருப்பார்கள். அந்த இரண்டு நிமிடமும் என் மகளின் கணக்கிலிருந்து போயிருக்கும்.

கழிவுநீர்த் தொட்டியில் ஒருவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கிய தம்பி விழ, அவரைக் காப்பாற்ற இறங்கிய மூன்றாவது ஆளும் விழுந்த செய்தியை நாம் எத்தனை தடவை படித்திருக்கிறோம். "ஏன் இறங்கினான்?" என்று சோபாவில் உட்கார்ந்து கேட்டிருக்கிறோம். அதே கதைதான் இதுவும். குழிக்குப் பதில் ஹால்.

புகையைப் பற்றி அவர் சொன்னதைப் பிறகு நானும் தேடித் தேடிப் படித்தேன். தீ விபத்தில் பெரும்பாலும் ஆளைக் கொல்வது நெருப்பு இல்லை, புகைதான். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. ஃபோம் எரிந்தால் சயனைடு வாயுவும் சேர்ந்துகொள்ளும். ஈரத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு ஓடுவதை சினிமாவில் பார்த்திருப்போம். அது கரித்தூளைக் கொஞ்சம் தடுக்கும், சூட்டைக் கொஞ்சம் குறைக்கும், இந்த வாயுக்களைத் தடுக்காது. அமெரிக்காவில் யூஎல் என்ற சோதனை நிறுவனம் ஒரே அளவில் இரண்டு ஹால்களை அமைத்துக் கொளுத்திப் பார்த்தது. மரமும் பஞ்சுமாக அந்தக் காலத்துச் சாமான்கள் இருந்த ஹால் முழுவதுமாகப் பற்ற ஏறக்குறைய அரை மணி நேரம் ஆனது. ஃபோமும் செயற்கைத் துணியும் நிறைந்த இந்தக் காலத்து ஹாலுக்கு நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. "எங்க தாத்தா எரியுற வீட்டுக்குள்ள போய் நாலு பேரைத் தூக்கிட்டு வந்தாரு" என்று கதை சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. தாத்தா வீட்டில் ஃபோம் சோபா இல்லை, அவ்வளவுதான்.

2022 மார்ச்சில் வேலூரில், இரவில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றிய வீட்டில் அப்பாவும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்று நான் சமைக்கவில்லை.

சரி, உள்ளே போகவே கூடாது என்பதுதான் முடிவா? அவரிடம் இதையும் கேட்டேன். அதிகாரபூர்வமான பதில் ஒன்றுதான்: வெளியே வந்தவர் திரும்ப உள்ளே போகக் கூடாது. அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நாங்க வந்தப்புறம் நடக்குறதுக்குத்தான்மா எங்ககிட்ட ரூல் இருக்கு. நாங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் இருக்கே, அதுல யாரை என்ன சொல்றது?" என்றார்.

நான் என் மகனைத் தூக்கியது அந்தப் பத்து நிமிடத்தில்தான். அது தவறு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவன் கைக்கெட்டும் தூரத்தில், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருந்தான். இரண்டாம் தடவை போனதுதான் வேறு. அப்போது எனக்குத் தரை தெரியவில்லை, எதிர்ச் சுவர் தெரியவில்லை, புகை இடுப்புக்குக் கீழே இறங்கியிருந்தது. தரை தெரியாத இடத்துக்குள் கால் வைக்கிறவர் காப்பாற்றப் போகவில்லை, காப்பாற்றப்பட வேண்டியவராகப் போகிறார். நான் எனக்கென்று போட்டுக்கொண்ட கோடு இது. அன்று எனக்கு இது தெரிந்திருந்தாலும் நின்றிருப்பேனா என்று கேட்டால், நின்றிருக்க மாட்டேன். யாராவது பிடிக்க வேண்டியிருந்திருக்கும். அதற்குத்தான் ஒருவர் வேண்டும் என்று இப்போது படுகிறது. பெற்றவளிடம் அந்த நேரத்தில் அறிவை எதிர்பார்க்கக் கூடாது, பக்கத்தில் நிற்பவரிடம் எதிர்பார்க்கலாம். எங்காவது இப்படி ஓர் அம்மாவையோ அப்பாவையோ நீங்கள் பிடிக்க நேர்ந்தால், "ஒண்ணும் ஆகாது, அமைதியா இருங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை பேர், எந்த ரூம் என்று கேளுங்கள். வாய்க்கு ஒரு வேலை கொடுத்தால் கால் கொஞ்சம் நிற்கும்.

நான் தெரிந்துகொண்டதில் என்னை மிகவும் மாற்றியது வேறொன்று. தீயணைப்பு வீரர்கள் வாசலில் நின்று யோசிப்பது கோழைத்தனம் என்று அன்று எனக்குத் தோன்றியது. அவர்களுடைய விதியும் வெறும் 'போகாதே' இல்லை. அமெரிக்காவில் இருவர் உள்ளே என்றால் இருவர் வெளியே தயாராக இருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அதிலேயே விலக்கும் உண்டு: உடனே போகாவிட்டால் உள்ளே இருப்பவர் உயிர் போகும் என்கிற நிலையில் முழு அணியும் சேரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இங்கேயும் களத்தில் நடப்பது அதுதான் என்றார் அவர். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத வீட்டுக்கு ஒரு அளவு துணிச்சல். 'ஒன்பது வயது, பின் ரூம், கதவு சாத்தியிருக்கு' என்று தெரிந்த வீட்டுக்கு வேறு அளவு. அதாவது அந்த இரண்டு பையன்களை அவ்வளவு வேகமாக உள்ளே போக வைத்தது நான் சொன்ன நாலு வார்த்தை. வாசலில் நின்றவள் எதுவும் செய்யவில்லை என்று பேசிய உறவுக்காரருக்கு இதை நான் விளக்கப் போனதில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒவ்வொரு சித்திரை ஒன்றாம் தேதியும் நிலையத்துக்குப் பாயசம் எடுத்துப் போகிறோம். அன்றுதான் அவர்களுக்கு நீத்தார் நினைவு நாள் என்பது முதல் தடவை போனபோதுதான் தெரிந்தது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சும் ஏற்றி வந்த கப்பல் தீப்பிடித்து வெடித்ததில், அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். நமக்குப் புத்தாண்டு, அவர்களுக்கு மௌன அஞ்சலி. பாயசத்தை மௌனம் முடிந்த பிறகுதான் கொடுப்போம்.

இப்போது எங்கள் வீடு எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். இது பெரிய செலவெல்லாம் இல்லை. பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது வெளியே பூட்டுவதில்லை. இரவில் கிரில் கேட்டை உள்ளே பூட்டினால் சாவி அங்கேயே, ஜன்னல் வழியாக வெளியாள் கைக்கு எட்டாத, சின்னவன் கைக்கு எட்டும் உயரத்தில் ஆணியில் தொங்கும். சாமி அலமாரியில் இல்லை, ஹேண்ட்பேக்கில் இல்லை. பின் ரூம் ஜன்னல் கிரில்லை வெட்டி, உள்ளிருந்து கொக்கியைத் தூக்கினால் திறக்கிற மாதிரி செய்தோம். வீட்டு ஓனர் முகம் சுளித்தார், பிறகு மாடியிலும் அதையே செய்துகொண்டார். சோபாவுக்குப் பின்னால் எந்த வயரும் கிடையாது. ஏர் கூலர் நேரே சுவர் பிளக்கில்.

தூங்கும்போது ரூம் கதவைச் சாத்துகிறோம். காற்று வராது என்று மாமியார் சண்டை போட்டார். கரிந்த கதவின் போட்டோவைக் காட்டினேன், அதற்குப் பிறகு பேசவில்லை. ஹாலில் பேட்டரி போட்ட புகை அலாரம் ஒன்று மாட்டியிருக்கிறோம். முதலில் சமையலறைக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு, மிளகாய் தாளிக்கும்போதெல்லாம் தெருவே எட்டிப் பார்த்த கதை தனி.

101, 112 இரண்டு எண்ணும் பிள்ளைகளுக்கு மனப்பாடம். வெளியே வந்ததும் எதிரே இருக்கும் வேப்பமரத்தடியில் நிற்க வேண்டும். தலையை எண்ணிவிட்டுத்தான் அடுத்த பேச்சு. ஒருவர் போன் செய்தால் இன்னொருவர் சந்து முனைக்கு ஓடி பைக்குகளை நகர்த்தச் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளை நிலையத்துக்குக் கூட்டிப் போய் அந்த முகமூடியை ஒரு தடவை காட்டுங்கள் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்கிறேன். என் மகள் ஏன் குரல் கொடுக்கவில்லை என்பதற்குக் காரணம் அதுதான். பின் சந்துக்குப் போனவர் ஜன்னல் கண்ணாடியில் டார்ச் அடித்துத் தட்டியிருக்கிறார். இவள் எட்டிப் பார்த்திருக்கிறாள். தும்பிக்கை வைத்த பேய் மாதிரி ஒன்று புஸ் புஸ் என்று மூச்சு விட்டதாம். அதைப் பார்த்துத்தான் கட்டிலுக்கடியில் இன்னும் உள்ளே போயிருக்கிறாள். தேடப் போகிறவர்கள் முதலில் கட்டிலுக்கடியிலும் பீரோவுக்குள்ளும் கதவுக்குப் பின்னாலும் கை விட்டுப் பார்ப்பது, குழந்தைகள் இப்படி ஒளிவார்கள் என்று தெரிந்துதான்.

அந்த இரவைப் பற்றி அவள் அதிகம் பேசியதில்லை. இரண்டு வருடம் கழித்து, தலை பின்னிக்கொண்டிருக்கும்போது தானாகச் சொன்னாள்.

"நீ கத்துனது எனக்குக் கேட்டுச்சும்மா."

"என்னன்னு கேட்டுச்சு?"

"'வெளிய வா, வெளிய வா'ன்னு. அதான் கதவைத் திறந்தேன். கறுப்பா உள்ள வந்துச்சு, இருமல் வந்துச்சு. சாத்திட்டேன். நீ திரும்பக் கூப்பிட்ட. நீ கூப்பிட்டும் வரலையேன்னுதான் பயந்து கட்டிலுக்கடியில போனேன். திட்டுவியோன்னு."

பின்னிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. என் குரலைக் கேட்டு அவள் இன்னும் இரண்டு அடி வெளியே வந்திருந்தால் அந்த ஹாலில்தான் விழுந்திருப்பாள். அம்மா சொன்னதை அன்று அவள் கேட்கவில்லை.

இப்போது நாலு மாதத்துக்கு ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வீட்டில் ஒத்திகை. பிள்ளைகள் ரூமுக்குள், நான் வாசலில். வாய்க்கு வேறு வார்த்தை பழக வேண்டும் என்பதற்காக, தொண்டை கிழியக் கத்துகிறேன்: "கதவைச் சாத்து! கீழ துணியை அடை! ஜன்னலுக்கு வா!" இரண்டாம் தடவை கத்துவதற்குள் பின் ஜன்னல் கொக்கி திறக்கும் சத்தம் கேட்க வேண்டும். முதல் ஒத்திகை அன்று பக்கத்து வீட்டு அக்கா, ஏதோ சண்டை என்று நினைத்து, கையில் மாவோடு ஓடி வந்துவிட்டார்.